பதினாலு பேருக்கும் ஒரே போன்

1. திரை முழுக்கச் சிவப்பு

திங்கட்கிழமை காலை கோப்பியோடு வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. வழக்கமாக ஒரு கிழமைக்கு மூன்று, நாலு பெயர் சிவப்பில் வந்தாலே அதிகம். அன்றைக்குப் பதினாலு. பெயர்களை வாசித்தேன். துரைசிங்கம், புவனேஸ்வரி, அந்தோனிப்பிள்ளை, நாகேஸ்வரி... கோப்பையைக் கீழே வைத்தேன். பதினாலு பேரும் எங்கள் ஆட்கள்.

ஜேர்மனியின் ரூர் பகுதியில், ஒரு நகரசபையின் சமூக உதவி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சோஸியால்அம்ற் என்றால் இங்குள்ள தமிழருக்கு உடனே விளங்கும். ஓய்வூதியம் போதாத வயதானவர்களுக்கு நாங்கள் மாதாமாதம் உதவிப் பணம் அனுப்புகிறோம். வாடகை, சாப்பாடு, மின்சாரம் எல்லாம் அதற்குள்தான். அகதியாக வந்து, வாழ்நாள் முழுக்க உணவகங்களில் கோப்பை கழுவிய எங்கள் ஆட்களில் பலருக்கு ஓய்வூதியம் என்று வருவது வாடகைக்கே காணாது.

முன்பு எல்லாம் காகிதம். வங்கிக் கணக்கு மாறினால் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்துத் தபாலில் போடவேண்டும். பிறகு எல்லாவற்றையும் இணையத்தளத்துக்கு மாற்றினார்கள். ஆளுக்கொரு பதிவு, ஒரு கடவுச்சொல், உள்ளே போகும்போது போனுக்கு வரும் ஒரு இரகசிய எண். வீட்டில் இருந்தபடியே முகவரி மாற்றலாம், வங்கிக் கணக்கு மாற்றலாம். கள்ளரும் வீட்டில் இருந்தபடியே செய்யலாம் என்பது கொஞ்சம் பிந்தித்தான் மேலிடத்துக்கு விளங்கியது. விளங்கியதும் எங்கள் பிரிவைத் தொடங்கினார்கள். கணினி சிவப்பில் காட்டும் கேஸ்களைப் பார்த்து, இது களவா, பிழையா, ஒன்றுமில்லையா என்று சொல்வது என் வேலை.

அந்தப் பதினாலு சிவப்புக்கும் காரணம் ஒன்று. பதினாலு பேரின் பதிவிலும் ஒரே போன் நம்பர் இருந்தது. பதினாலு பேரின் பதிவையும் திறந்து பார்ப்பதும் ஒரே போன்.

எங்கள் பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான். நாட்டைவிட்டுப் போனவர்கள், செத்தவர்கள், பிறக்கவே பிறக்காதவர்கள் பெயரில் எல்லாம் யாரோ ஒருவர் பதிவு வைத்திருப்பார். எல்லாப் பதிவும் போய் முடிவது அவருடைய போனில். அப்படி ஒரு நம்பரைக் கண்டால் கூட்டுக் களவு என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு என்பார்கள்.

2. கருவேப்பிலை வாங்குகிற உறவு

என் மேலதிகாரி ஃபிராவ் வேபர், அதாவது திருமதி வேபர். மேசையில் தூசி இருக்காது, வாயில் தேவையில்லாத சொல் இருக்காது. அவர் பேசியதெல்லாம் ஜேர்மன் மொழியில்தான். என் ஞாபகத்தில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"மாலினி, உங்கட ஆக்கள் போல கிடக்கு."

"ஓம். தமிழ்ப் பேர்தான்."

"இந்த நம்பர் ஆற்றை எண்டு தெரியுமோ?"

தெரியாமல் என்ன. என் போனிலேயே இருக்கிற நம்பர். வசந்தா அக்காவின் நம்பர். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் தமிழ்க் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் கருவேப்பிலையும் மீனும் ஒடியல் மாவும் அங்கேதான் வாங்குவேன்.

தெரிந்தவர்களின் கேஸ் மேசைக்கு வந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலகச் சட்டம். சொன்னேன். ஃபிராவ் வேபர் கொஞ்சம் யோசித்தார்.

"கடையில கருவேப்பிலை வாங்கிறது சொந்தம் ஆகாது. நீங்கள் பாருங்கோ, முடிவுக் கையெழுத்து நான் வைக்கிறன். ஆனால் இது முடியுமட்டும் அந்தப் பொம்பிளையோட ஒரு கதையும் வேண்டாம்."

"சரி. ஆனால் அவ களவெடுக்கிற ஆள் இல்லை."

"எல்லாரையும் பற்றி எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை, மாலினி."

சுருக்கென்றது. கோபம் வந்தது. ஆனால் அந்த நம்பர் ஏன் பதினாலு பேரிடம் இருக்கிறது என்பது எனக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்தே எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். ஊருக்கு ஒரு ஆள் ஜேர்மன் வாசிப்பார். மிச்ச எல்லாரும் கடித உறையைக்கூடத் திறக்காமல் அவரிடம் கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விசா எல்லாம் அந்த ஒருவர் தலையில். எங்கள் நகரத்தில் அந்த ஆள் வசந்தா அக்கா. இணையத்தளம் வந்தபோது, பொத்தான் போன் வைத்திருக்கும் துரைசிங்கம் ஐயாவிடம் "உங்கள் கைத்தொலைபேசி எண் என்ன" என்று கேட்டால், அவர் யாருடைய நம்பரைக் கொடுப்பார்?

இதை ஃபிராவ் வேபருக்கு விளக்கினேன்.

"மீன் விக்கிற கடையிலயோ அந்த்ராக் படிவம் நிரப்பிறவை?"

"ஓம். மீனை வெட்டிக் குடுத்து, கையைக் கழுவிப்போட்டு நிரப்பிறவ."

அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

3. கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன்

சிரித்தாலும் அவர் விடுகிற ஆள் இல்லை.

"பதினாலு பேருக்கும் வாற மாசக் காசை நிப்பாட்டுவம். நேரில வந்து, நான்தான் அந்த ஆள் எண்டு காட்டட்டும். காட்டினவைக்கு விடுவம்."

"எல்லாரும் வந்து முடிய மாசம் பிறந்திடும். வாடகை போகாது. வீட்டுக்காரன்ர கடிதம் வரும். அந்தக் கிழடுகள் அந்தக் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு வசந்தா அக்காட்டத்தான் போகும். ஒராள் களவெடுத்திருக்கலாம் எண்டதுக்காகப் பதினாலு பேரைப் பட்டினி போடுறதோ?"

"அப்ப என்ன, ஒண்டும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ?"

"ஆளுக்கொரு டெர்மின், நாளும் நேரமும் குடுத்துக் கடிதம் போடுவம். வரட்டும், கதைப்பம். அதுக்கு முதல் ஒண்டும் வேண்டாம்."

"அது ஏலாது. அதுக்குள்ள காசு போனால் ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?"

என் குரல் கூடிவிட்டது என்பது பக்கத்து அறைக் கதவு சாத்தப்பட்டபோதுதான் தெரிந்தது. ஃபிராவ் வேபர் குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்.

"சரி. காசு போகட்டும். ஆனால் இப்ப இருக்கிற வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும். நேரில வந்து அடையாள அட்டையைக் காட்டாமல் இந்தப் பதினாலு பேரில ஒருதரும் கணக்கு மாத்தேலாது. நான் பூட்டுப் போடுறன்."

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் என்றபடியால்தான் இந்தப் பூட்டு என்று மனதுக்குள் பொருமினேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பதினாலு கடிதம் போனது. அந்தச் சனிக்கிழமை நான் கடைப்பக்கம் போகவில்லை. ஜேர்மன் சூப்பர்மார்க்கெட்டில் வெங்காயமும் தக்காளியும் வாங்கினேன். "என்ன, குழம்பில கருவேப்பிலையைக் காணேல்லை?" என்று கேட்டார் என் மனிசன். அந்தப் பக்கம் போகவில்லை என்றேன். கட்டின மனிசனுக்குக்கூடச் சொல்ல முடியாத வேலை இது. வாய்விட்டுச் சொல்ல முடியாததால் அந்தக் கிழமை முழுக்க வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

4. ஒன்பது பேர்

முதல் டெர்மின் துரைசிங்கம் ஐயாவுக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் காலை ஃபிராவ் வேபர் என்னைக் கூப்பிட்டுத் தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்கோ."

பதினாலு பேரில் ஒன்பது பேரின் பெயரில் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லிக் கோரிக்கை வந்திருந்தது. புதன்கிழமை பின்னேரம், ஒருவர் பின் ஒருவராக, வரிசையாக. எல்லாம் ஏதோ இணைய வங்கியில் திறந்த புத்தம் புதுக் கணக்குகள். ஒவ்வொன்றையும் அவர் போட்ட பூட்டு மறித்திருந்தது.

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். முதலில் வந்தது வெட்கம். இவருக்கு முன்னால் அவ்வளவு சத்தம் போட்டேனே என்று. அடுத்ததாக வசந்தா அக்கா மேல் கோபம். போகும்போதெல்லாம் கருவேப்பிலையை ஒரு கை கூட அள்ளிப் போடுவார். இதற்குத்தான் அள்ளிப் போட்டாரோ என்றுகூட என் மனம் போனது.

"பொலிஸுக்குக் குடுக்கப் போறன்," என்றார் ஃபிராவ் வேபர்.

"நாளைக்குத் துரைசிங்கம் ஐயா வாறார். அவர் என்ன சொல்லுறார் எண்டு கேட்டிட்டுக் குடுங்கோ."

"நாளைக்கு மத்தியானம் மட்டும்தான்."

என் அறைக்கு வந்து ஒன்பது பேரின் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். யார், எப்போது, எந்தக் கருவியில் இருந்து உள்ளே வந்தார் என்று தளம் எழுதி வைத்திருக்கும். இதுவரை எல்லாரின் பதிவும் திறந்தது வசந்தா அக்காவின் பழைய போனில், கடை இணைப்பில். புதன்கிழமை பின்னேரம் வந்தது அந்தப் போன் இல்லை. முன்பு ஒரு நாளும் வராத ஒரு கணினி. கணக்கு மாற்றச் சொன்னது அந்தக் கணினிதான்.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"புதுக் கணினி வாங்கியிருக்கலாம்," என்றார் ஃபிராவ் வேபர்.

வாங்கியிருக்கலாம்தான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

5. கூட வந்த ஆள்

வெள்ளிக்கிழமை காலை துரைசிங்கம் ஐயா கதவைத் தட்டினார். எழுபத்தெட்டு வயது, இஸ்திரி போட்ட சேர்ட், தலையில் கம்பளித் தொப்பி. தனியாக வரவில்லை. ஜேர்மன் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தால் எங்கள் ஆட்கள் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்? குளிர் அங்கிக்குள் கடை ஏப்ரனோடு அவருக்குப் பின்னால் நின்றது வசந்தா அக்கா.

நான் ஃபிராவ் வேபரைப் பார்த்தேன். ஃபிராவ் வேபர் என்னைப் பார்த்தார். பொலிஸுக்குக் கொடுக்க இருந்த ஆள் தானாகவே வந்து நிற்கிறார்.

"என்ன பிள்ளை, சனிக்கிழமை காணேல்லை? சுகமில்லையோ?" என்று கேட்டார் அக்கா. நான் தலையை ஆட்டி வைத்தேன். அது ஓமா இல்லையா என்று எனக்கே தெரியாது.

ஃபிராவ் வேபர் கேட்கக் கேட்க நான் தமிழில் சொன்னேன். முதல் கேள்வி ஐயாவுக்கு. புது வங்கிக் கணக்கு ஏதும் திறந்தாரா?

"புதுக் கணக்கோ? இருக்கிற ஒண்டிலயே ஒண்டும் இல்லை, பிள்ளை."

"அப்ப ஆர் மாத்தச் சொன்னது?"

ஐயா அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு பதற்றமும் இல்லாமல் முன்னால் வந்தார்.

"அது மாத்திறது இல்லைப் பிள்ளை, உறுதிப்படுத்திறது. நீங்கள்தானே மெசேச் அனுப்பினனீங்கள்."

"நாங்களோ?"

"ஓம். கணக்கை உறுதிப்படுத்தாட்டில் காசை நிப்பாட்டிப் போடுவம் எண்டு. இவருக்கு உங்கட கடிதமும் அந்தக் கிழமைதான் வந்தது. ரெண்டும் ஒண்டுக்குத்தான் எண்டு நினைச்சன்."

போனை எடுத்து நீட்டினார். நகரசபையின் சின்னம், பிழையில்லாத ஜேர்மன், கீழே ஒரு இணைப்பு. இணைப்பு போன முகவரி மட்டும் எங்களுடையது இல்லை, எங்கள் தளம் மாதிரியே செய்த கள்ளத் தளம். யாரோ ஊரில் உள்ள நம்பர்களுக்கெல்லாம் ஒரே வலையை வீசியிருக்கிறார்கள். எங்கள் கடிதமும் அதுவும் ஒரே கிழமையில் வந்தது தற்செயல்தான்.

"ஒரு மெசேச்தானே அக்கா வந்தது. ஒன்பது பேருக்கு என்னெண்டு செய்தனீங்கள்?"

"எல்லாற்றை பதிவும் இந்தப் போனிலதானே. எனக்கு வந்தால் எல்லாருக்கும் வந்த மாதிரித்தானே? ஒருத்தரையும் விடக்கூடாது எண்டு ஒராள் ஒராளாப் போட்டனான். கடவுச்சொல் எல்லாருக்கும் ஒண்டுதான், அதால கரைச்சல் இல்லை. அந்த இரகசிய எண் மட்டும் ஒவ்வொருக்காலும் வரும், அதையும் பாத்துப் பாத்து அடிச்சனான்."

ஒரு சாதாரண ஆளை ஏமாற்றினால் கள்ளருக்கு ஒரு பதிவு கிடைக்கும். எங்கள் அக்கா பொறுமையாக, வரிசை தப்பாமல், ஒன்பது பேரைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"மிச்சம் அஞ்சு பேர்?"

"போன் செத்துப்போச்சு, பிள்ளை. சார்ச் இல்லை. பேந்து கடையில சனம் வந்திட்டுது, மறந்து போனன்." குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்தார். "அவையின்ரையும் செய்யோணும், குறை நினையாதேங்கோ."

நான் இதை மொழிபெயர்த்து முடிக்க, ஃபிராவ் வேபர் அந்தப் போனை வாங்கினார். நாங்கள் அனுப்பிய இரகசிய எண்கள் எல்லாம் அதில் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றும் வந்த நேரத்தைப் பார்த்தார். அந்தக் கணினி உள்ளே நுழைந்த நேரத்தோடு ஒப்பிட்டார். ஒன்பதும் பொருந்தின. அக்கா எண்ணை அடித்த கையோடு அங்கே எவனோ உள்ளே போயிருக்கிறான்.

ஃபிராவ் வேபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பூட்டு இல்லாட்டில், மாசம் பிறக்க ஒன்பது பேற்றை காசும் அங்க போயிருக்கும். இதை அவவுக்குச் சொல்லுங்கோ. ஆனால் மெல்லமாச் சொல்லுங்கோ."

எவ்வளவு மெல்லச் சொன்னாலும் சொல்வது அதைத்தானே. அக்கா பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ர கையாலயோ? இந்தக் கையாலயோ குடுத்தனான்?"

"ஒரு சதமும் போகேல்லை அக்கா."

"உண்மையாவோ?"

"உண்மையா. ஒரு சதமும் போகேல்லை."

"புவனேஸ்வரி அக்கான்ரை?"

"அவவின்ரையும் போகேல்லை. ஒருத்தரின்ரையும் போகேல்லை."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை. இரண்டு கிழமையாக நெஞ்சில் ஏறி இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இவர் கள்ளி இல்லை. காசும் போகவில்லை. இரண்டில் ஒன்று கிடைத்தாலே போதும் என்றிருந்த எனக்கு இரண்டும் கிடைத்துவிட்டது.

துரைசிங்கம் ஐயாதான் கதையை முடித்து வைத்தார். "காசு இருக்கெண்டு சொல்லுகினம். பேந்து ஏன் அழுறாய்? எழும்பு, பஸ் வரப் போகுது."

6. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

அன்று மத்தியானம் ஃபிராவ் வேபர் பொலிஸுக்கு எழுதியது இனந்தெரியாத ஆட்களுக்கு எதிராக. பிடித்தார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பெரும்பாலும் அது தெரிய வருவதில்லை. இந்த வேலையில் அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

பின்னேரம் குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றபோது அவர் வந்தார்.

"நான் சொன்னபடி காசை நிப்பாட்டியிருந்தால் பதினாலு பேற்றை வாடகை போயிருக்காது," என்றார்.

"நான் சொன்னபடி பூட்டுப் போடாமல் விட்டிருந்தால் ஒன்பது பேற்றை காசு போயிருக்கும்," என்றேன்.

"அப்ப நல்லாச் சண்டை பிடிச்சிருக்கிறம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுசியிடம் இருந்து அதுவே பெரிய பாராட்டு.

அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து இப்படியான அலுவலகங்களுக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிவப்பு வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள், எங்கள் ஆட்களின் பெயர் என்றாலும். முதலில் காசு திசைமாறக்கூடிய வழியைப் பூட்டுங்கள். சாப்பாட்டுக் காசில் கை வைக்காதீர்கள். பிறகு ஆளை நேரில் கூப்பிடுங்கள். கூட யார் வருகிறார் என்றும் பாருங்கள், முழுக் கதையும் அவரிடம் இருக்கலாம்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது உதவி செய்பவர்களுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. வயதானவர் கையெழுத்து வைத்து ஒருவரை நியமித்தால், அவர் தன் பெயரிலேயே உள்ளே வரலாம், எல்லாம் பார்க்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் மாற்ற முடியாது. அதற்கு உரியவரே நேரில் வரவேண்டும். முதலாவதாகப் பதிந்தவர் வசந்தா அக்கா. பதினாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வரவேற்பறையை அடைத்துவிட்டார். கையில் ஒரு பெட்டி வடை. அரச ஊழியர் அதை வாங்கக்கூடாது என்று சொன்னேன்.

"வடையும் லஞ்சமோ?"

"ஓம் அக்கா."

"என்ன நாடப்பா இது!" என்று பெட்டியைத் திறந்து வரிசையில் நின்றவர்களுக்கே கொடுத்தார். வாசம் ஃபிராவ் வேபரின் அறை வரைக்கும் போனது.

இதற்கெல்லாம் முன்பு, அந்தக் கேஸ் முடிந்து மாதம் பிறந்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். துரைசிங்கம் ஐயா மரவள்ளிக்கிழங்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "காசு வந்திட்டுது பிள்ளை, எல்லாருக்கும் வந்திட்டுது," என்றார். அக்கா உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த போன் கிணுகிணுத்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார். வாசித்தார். கண்ணைச் சுருக்கித் திரும்பவும் வாசித்தார். பிறகு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பிள்ளை, இது நீங்களோ?"

ஏதோ பார்சலுக்குக் காசு கட்டச் சொல்லி ஒரு மெசேச்.

"நான் இல்லை அக்கா."

"அப்ப போ," என்று போனுக்குச் சொல்லி அழித்துவிட்டு, எனக்குக் கருவேப்பிலையை நிறுக்கத் தொடங்கினார். வழக்கம்போல ஒரு கை கூடத்தான் அள்ளிப் போட்டார். அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.